பானைக்குள் பேசிய ஊர்

எந்த வரைபடத்திலும் அகப்படாத மந்தாரபுரியில் குளத்துத் தண்ணீரைத் தவிர எல்லாம் சுபிட்சமாக இருந்தது. மன்னரின் மைத்துனர் குளக்கரையில் சாயப்பட்டறை போட்டதிலிருந்து தண்ணீர் கசந்தது. சோற்றுக்கடை செங்கமலம் வடித்த சோறு ஊதா நிறத்தில் வந்தது. மக்கள் அதையும் புதுமை என்று சாப்பிட்டார்கள். ஆனால் மகள் பூவாயி வாந்தியெடுத்துப் படுத்ததும் செங்கமலத்துக்குப் பொறுக்கவில்லை. ஆள் பார்க்காத நேரத்தில் அரண்மனைச் சுவரில் கரியால் எழுதினாள்: ‘தண்ணீர் கசக்கிறது. மைத்துனரைக் கேளுங்கள்.’

யார் எழுதியது என்று தெரியாததாலேயே ஊர் முழுக்க அதே பேச்சாயிற்று. மன்னர் அதிரூபவர்மருக்குத் தூக்கம் போனது.

“எழுதத் தெரிந்தவர்கள் எல்லோர் கையையும் வாங்கிவிடலாமா?” என்றார்.

“வேண்டாம் மகாராஜா,” என்றார் அமைச்சர் நயம்பாடியார். “ஒருவன் முகத்தை மறைத்துப் பேசினால் ஊரே காது கொடுக்கும். ஊரே முகத்தை மறைத்துப் பேசினால் எவன் காது கொடுப்பான்?”

அப்படிப் பிறந்தது கருத்துச் சுதந்திரப் பானைச் சட்டம். தலைக்கொரு மண்பானை இலவசம். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சந்தைத் திடலில் யாரைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பானையைத் தொடுவது குற்றம். உள்ளே யாரென்று விசாரிப்பதும் குற்றம்.

மக்கள் நெகிழ்ந்துபோனார்கள். காலையில் ஊழலைப் பற்றிப் பேசினார்கள். மதியத்துக்குள் எதிர்வீட்டுக்காரியின் மூக்குக்கு வந்துவிட்டார்கள். சாதுவான கணக்கு வாத்தியார், மாட்டுத்தரகனே காதைப் பொத்திக்கொள்ளும் வார்த்தைகளை உதிர்த்தார். அரசவைப் புலவர் தன் பாட்டைத் தானே புகழ்ந்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று அந்தப் புகழ்ச்சியை ஆமோதித்தார். மன்னரும் ஒரு பானையோடு தினமும் கூட்டத்தில் கலந்தார். போதாக்குறைக்கு அமைச்சர் கூலிக்கு முந்நூறு பானைகளை இறக்கியிருந்தார்.

செங்கமலமும் கவிழ்த்துக்கொண்டு போய், “தண்ணி கசக்குது. எம் புள்ள படுத்த படுக்கையா கெடக்குது,” என்றாள்.

“தண்ணி தித்திக்குது. எந்த நாட்டுக் கைக்கூலி நீ?” என்றது ஒரு பானை.

“புள்ளையே பொய்,” என்றது ஒரு கூலிப் பானை.

மறுநாள் பூவாயிக்குக் கண் செருகியது. செங்கமலம் பானையை வீட்டிலேயே போட்டுவிட்டு, வெறும் முகத்தோடு, இடுப்பில் ஒரு குடம் குளத்துத் தண்ணீரோடு வந்தாள்.

“தித்திக்குதுன்னவங்க வாங்க. ஆளுக்கு ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க.”

குடிக்க வேண்டுமென்றால் பானையைக் கழற்ற வேண்டும். ஒருவரும் கழற்றவில்லை. ஒரு பானை மட்டும், “மைத்துனர் தங்கம், தண்ணீர் தேன்!” என்று முழங்கியது.

“அப்ப நீ குடி,” என்றது பக்கத்துப் பானை.

“ஊத்துங்கடா வாயில,” என்றது இன்னொன்று.

நாலு பானைகள் பாய்ந்து அமுக்கி, அந்தப் பானையைப் பிடுங்கிக் குடத்தைக் கவிழ்த்தன. இருமிக்கொண்டே எழுந்தவர் அதிரூபவர்மர். தாடி ஊதாவாகியிருந்தது. பானையைத் தொட்டது குற்றம்தான். தொட்டவர் யாரென்று விசாரிப்பதும் குற்றமாயிற்றே. திடலில் முகத்தோடு நின்றவள் ஒருத்திதான். ஆகவே அவளைப் பிடித்துப் போகக் காவலர்களுக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. அன்று முதல் மன்னருக்கு மட்டும் மலையிலிருந்து தண்ணீர் வந்தது.

சிறையில் சோறு கொண்டுவந்த காவலாளி கம்பிக்கு அந்தப் பக்கம் தயங்கி நின்றான்.

“அக்கா, புள்ளையே பொய்னு சொன்னது நான்தான். கூலிக்குப் போயிருந்தேன். இப்ப எம் பையனும் வாந்தியெடுக்குறான்.”

செங்கமலத்துக்கு அவன் குரல்வளையைப் பிடிக்கத் தோன்றியது. “பூவாயி எப்படி இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

“எந்திரிச்சு உக்காந்துட்டா. அரமனைக்கு வர்ற மலைத் தண்ணியில தினம் ஒரு கொடம் காணாமப் போவுது. பானை போட்ட யாரோ ஒங்க வாசல்ல வச்சிட்டுப் போறாங்களாம்.” அவன் தரையைப் பார்த்தான். “யாருன்னு விசாரிக்கக் கூடாதில்லையா.”

மறுநாள் புதிய அரசாணை முரசறைந்து அறிவிக்கப்பட்டது. பானைக்குள் இருந்து எவ்வளவு கத்தினாலும் குற்றமில்லை. பானை போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தால் ராஜதுரோகம்.