இரண்டாவது பிரேக்

நான் மனைவிக்கு அஞ்சி நடப்பவன் என்றொரு வதந்தி எங்கள் தெருவில் நெடுங்காலமாக உலவுகிறது. அதை இன்றோடு ஒழித்துவிடுவது என்ற தீர்மானத்துடன் இதை எழுதுகிறேன். அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். ஆகவே பேனாவைச் சற்று மெதுவாக ஓட்டுகிறேன்.

என் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஓட்டுவதன்று, கற்றுக்கொடுப்பது. ஓட்டுநர் இருக்கையில் நான் அமர்ந்து பல காலம் ஆகிறது. பயிற்சிக் காரில் எனக்குரிய இடம் பக்கத்து இருக்கை. அங்கே என் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக் உண்டு. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர், வண்டி முழுவதும் தம் வசம் இருப்பதாக நம்புவார். வியர்ப்பார். பல்லைக் கடிப்பார். எருமையின் வாலுக்கு அரையடி முன்னால் வண்டி நின்றதும், "எப்படி சார் என் பிரேக்?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். நான் புன்னகைப்பேன். வண்டியை நிறுத்திய கால் எவருடையது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

குடும்ப வாழ்க்கையையும் நான் அந்தப் பிரேக்கின் வழியாகவே புரிந்துவைத்திருந்தேன். அடுப்பு, சாவிக்கொத்து, இறுதி முடிவு யாவும் அவளிடம். பிரேக் என்னிடம். அதை மிதிக்க வேண்டிய தேவை இதுவரை ஏற்படவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் விடிவதற்கு முன் என் மூக்கு என்னை எழுப்பியது. வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் மணம். கனவென்று எண்ணிப் புரண்டு படுத்தேன். கனவில் யாரும் இவ்வளவு தாராளமாக மிளகு தூவுவதில்லை. எழுந்து போனேன். அடுக்களைக் கதவு விரியத் திறந்திருந்தது.

எங்கள் வீட்டிலுள்ள ஒரே மெத்தை நாற்காலி அங்கே ஜன்னலோரம் போடப்பட்டிருந்தது. அதில் என் மனைவி. எதிரேயிருந்த முக்காலியின் மேல் அவள் கால்கள். மடியில் தட்டு. தட்டில் ஓரம் மட்டும் சிவந்த ரொட்டி. அதன்மேல் உருகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வெண்ணெய். பக்கத்தில், வெங்காயத்தை உள்ளே வைத்து மடித்த முட்டை, தலையணைபோல் பொசுபொசுவென்று. ஜன்னல் விளிம்பில் ஆவி பறக்கும் தேநீர். வெளியே சாம்பல் நிற வானம். ஒரு சத்தம் கிடையாது. கண்களை மூடிக்கொண்டு அவள் மென்றாள். அந்த முகத்தை நான் எங்கள் கல்யாண போட்டோவில்கூடக் கண்டதில்லை.

"என்ன பண்றே?"

"சாப்பிடறேன்."

"இந்த நேரத்துலயா?"

"தினமும் இந்த நேரத்துலதான்."

"தினமுமா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

"குறட்டை விடறவங்களுக்கு எப்படித் தெரியும்? அது காதுல விழக் கூடாதுன்னுதான் இவ்வளவு தள்ளி வந்து உட்கார்ந்திருக்கேன்."

"எட்டு மணிக்கு எனக்குத் தர்ற ரொட்டி இப்படி இருக்கறதில்லையே?"

"அது எல்லாருக்கும் போடறது. இது எனக்குப் போட்டுக்கறது."

"அடுப்பு ஒண்ணுதானே?"

"அடுப்பு ஒண்ணுதான். மனசு ரெண்டு."

"ஒரே ஒரு வாய்..."

"தண்ணி குடிக்கத்தானே வந்தீங்க? குடிச்சிட்டுப் போய்ப் படுங்க."

குடித்தேன். போய்ப் படுத்தேன். இதைப் பயம் என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். நான் இதை வேவு பார்த்தல் என்பேன்.

எட்டு மணிக்கு என் ரொட்டி வந்தது. செருப்புக்கு அடித்தோலாகத் தைத்திருந்தால் மழைக்காலத்தைத் தாங்கியிருக்கும். எதிரே என் மச்சினன், அதாவது எங்கள் வீட்டிலேயே தங்கி, ஒரு செல்போன் கடைக்கு வேலைக்குப் போய்வரும் அவளுடைய தம்பி, அதே ரொட்டியைக் குறைசொல்லாமல் மென்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்தபடி நான் சூளுரைத்தேன்: அந்த நாற்காலி, அந்த நேரம், அந்த முட்டை மூன்றும் இனி எனக்கே.

கேட்டுப் பெறுவது மாணவனின் வழி. பிறர் அறியாமல் மிதிப்பது ஆசிரியனின் வழி. ஆகவே அவள் அலாரக் கடிகாரத்தின் மணியை அடைத்துவைத்தேன். மறுநாள் அவளுக்கு முன்பாகவே எழுந்து, கதவை ஓசையின்றிச் சாத்தி, அடுக்களையில் நுழைந்தேன். வெண்ணெய் உருகியது. முட்டையை உடைத்தேன். நாற்காலியில் சாய்ந்தேன். அமைதியே, வா என்றேன்.

வந்தது ரொட்டிக்காரர். அவருடைய சைக்கிளில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு ரப்பர் ஹார்ன் உண்டு. அது எங்கள் ஜன்னலுக்கு நேரே பிளிறியது. உடனே பக்கத்து வீட்டு நாய் எழுந்துகொண்டது. மருந்துக்கடைக்காரரின் அந்த நாய்க்குத் தெருவில் மேனேஜர் என்று பெயர். வேலை ஒன்றும் செய்யாது, வருவோர் போவோரையெல்லாம் பார்த்துக் கத்தும். மேனேஜர் கத்தியதும் மச்சினன் விழித்தான். விழித்தால் குளிப்பான். குளித்தால் பாடுவான். அவன் பாடினால் மேனேஜர் இன்னும் கத்தும். அது கத்துவதைப் பாராட்டென்று எண்ணி அவன் அடுத்த பாட்டைத் தொடங்குவான். இந்தக் கச்சேரிக்கு நடுவில் என் முட்டை கரியாயிற்று.

தலை துவட்டியபடி மச்சினன் வந்தான். "என்ன மாமா, டயர் எரியற வாசனை வருது?"

"முட்டைடா."

"எது, அதுவா? கோழிக்குத் தெரிஞ்சா வருத்தப்படும் மாமா."

எல்லாம் ஓய்ந்த பிறகு, சோம்பல் முறித்தபடி என் மனைவி வந்தாள். இரண்டு காதுகளிலிருந்தும் பஞ்சை எடுத்தாள். இந்தக் கோடையில் இவளுக்கு ஏன் குளிர்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

"எவ்வளவு நல்லாத் தூங்கினேன் தெரியுமா! அலாரம் அடிக்கவே இல்லையே?"

"பேட்டரி தீர்ந்திருக்கும்."

அவள் கடிகாரம் இருந்த திசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பேட்டரியா? பாவம். சரி, அது அப்படியே இருக்கட்டும். நான் ரெண்டு நாள் தூங்கிக்கறேன்."

சரணாகதி! என் கால் பட்டதுமே வண்டி நின்றுவிட்டது. அமைதி ஒன்றுதான் இன்னும் வந்து சேரவில்லை. அவள் உட்கார்ந்திருந்தபோது வாய்மூடிக் கிடந்த தெரு, நான் உட்கார்ந்தால் மட்டும் ஏன் அலற வேண்டும்?

அதற்கு விடையை என் சாமர்த்தியத்தால் நானே கண்டுபிடித்தேன். அன்று மாலை கொல்லையில் காயப்போட்டிருந்த போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மதில் அருகே என் மனைவியும் மருந்துக்கடை அம்மாளும்.

"விடியக்காலையில உங்க வீட்டுப் பக்கம் எப்பவும் சத்தமே இருக்காதே, இன்னிக்கு என்ன ஆச்சு?" என்றார் அந்த அம்மாள்.

"அது பெரிய வித்தை இல்லக்கா," என்றாள் இவள், கூட்டத்தில் பேசும் குரலில். "ரொட்டிக்காரருக்கு ஒரு டீ. இஞ்சி தட்டிப் போட்டு, சுடச்சுட. ஒரு கையில டம்ளர், ஒரு கையில ஹாண்டில்பார் இருந்தா ஹார்னை எந்தக் கையால அமுக்குவார்?"

"எங்க வீட்டு மேனேஜருக்கு?"

"ரொட்டியோட ஓரம். வெண்ணெய் தடவணும். தடவாம போட்டா மோந்து பார்த்துட்டு இன்னும் நாலு கத்து கத்தும்."

"உன் தம்பிக்கு?"

"மஞ்சக்கரு உடையாத முட்டை. தட்டைக் கட்டில் பக்கத்துல வச்சிட்டா, முழிச்சதும் தின்னுட்டுத் திரும்பத் தூங்கிடுவான். ஆனா அடுப்பைச் சின்னதா வைக்கணும். மேல மூடி போடணும். சட்டியைச் சூடு பண்ணிட்டுத்தான் வெண்ணெய். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிடணும்."

"அது சரிடி, ஏன் இப்படிக் கத்தறே? நான் இங்கதானே நிக்கறேன்?"

"காத்து பலமா இருக்குதேக்கா. காதுல விழணுமில்ல?"

காற்று இல்லை. போர்வை ஆடாமல் அசையாமல் தொங்கியது. அதன் பின்னால் நானும் அப்படியே நின்றேன். ரகசியத்தை இவ்வளவு உரக்கப் பேசும் பெண்களின் வெகுளித்தனத்தை எண்ணி இரக்கப்பட்டேன்.

அதன் பிறகு விடியல்தோறும் பயின்றேன். முதலில் இஞ்சி அதிகமாகி ரொட்டிக்காரருக்கு விக்கல் வந்தது. விக்கலுக்கிடையே ஹார்னையும் அடித்தார். மஞ்சள்கரு உடைந்த நாட்களில் மச்சினன் முழுப் பாட்டும், கோணலாக இருந்த நாட்களில் பல்லவி மட்டும் பாடினான். மேனேஜர் வெண்ணெயை நக்கிவிட்டு ரொட்டியைத் திருப்பி அனுப்பியது. நான் தளரவில்லை. கிளட்சை விடத் தெரியாதவர்களை நெடுஞ்சாலையில் ஏற்றிவிட்டவன் நான். ஒரு முட்டைக்கா தோற்பேன்?

அந்த நாளும் வந்தது. ரொட்டிக்காரர் தேநீரை உறிஞ்சி, தலையை மட்டும் அசைத்து விடைபெற்றார். மேனேஜர் ரொட்டி ஓரத்தைக் கவ்விக்கொண்டு படியடியில் சுருண்டது. மச்சினனின் கட்டிலருகே முழுநிலவுபோல் ஒரு முட்டையை வைத்துவிட்டு, விரல்நுனியில் நடந்து திரும்பினேன். பிறகு எனக்கென்று ஒன்று செய்தேன். வெங்காயம் கண்ணாடியாயிற்று. முட்டை ஓரங்களில் நுரைத்து எழுந்து, நான் மடித்த பக்கம் பணிவாக மடிந்தது. ரொட்டி சிவந்தது. தட்டை மடியில் வைத்து ஜன்னலோரம் அமர்ந்தேன்.

அமைதி என்பது சத்தம் இல்லாத நிலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தவறு. அதற்கு உள்ளே ஏராளமாகக் கேட்கிறது. தேநீரில் சர்க்கரை கரைவது கேட்டது. வெண்ணெய் ரொட்டிக்குள் இறங்குவதும் ஏறக்குறையக் கேட்டது. எதிர்வீட்டுக் கூரையின் விளிம்பு மெல்ல வெளுத்தது. என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, "சார், இப்ப கியர் மாத்தவா?" என்றுகூட. ஒரு துண்டைக் கிள்ளி வாயருகே கொண்டுபோனேன்.

கதவு திறந்தது. என் மனைவி. தலை வாரியிருந்தாள். காதில் பஞ்சு இல்லை.

வந்தாள். என் கையிலிருந்த துண்டை வாங்கி வாயில் போட்டாள். கண்களை மூடினாள். அன்று கண்ட அதே முகம்! வென்றேன் என்று என் உள்ளம் துள்ளியது.

"பிரமாதம்ங்க."

"தெரியும். கத்துக்குடுக்கறவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? யாரும் சொல்லித்தராம, நானா கண்டுபிடிச்சேன்."

"ஆமாமா. போர்வைக்குக் கீழ ரெண்டு செருப்பு தெரிஞ்சப்பவே நினைச்சேன், கெட்டிக்காரர்னு."

"அப்போ அன்னிக்கு அலாரம்..."

"அது சாவி குடுக்கற கடிகாரம்ங்க. அதுக்கு ஏது பேட்டரி?"

"வெங்காய வாசனை..."

"இத்தனை வருஷமும் கதவைச் சாத்திட்டுத்தான் வதக்கினேன். ஒரே ஒரு நாள் திறந்து வச்சேன். நீங்க வந்துட்டீங்க."

என் வலது கால் தானாகவே தரையை ஓங்கி மிதித்தது. அங்கே சிமெண்டுதான் இருந்தது.

"எதுக்கு இதெல்லாம்?"

"நான் எழுந்து வர்றதுக்குள்ள, வேற ஒருத்தர் சுடச்சுடச் செஞ்சு வச்சிருக்கணும், தெருவும் சத்தமில்லாம இருக்கணும். ரொம்ப நாளா ஆசை. நேரா கேட்டிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். "மாட்டேன்."

"அதான் கேக்கல. திருட விட்டேன்." தட்டை என் மடியிலிருந்து பக்குவமாக எடுத்துக்கொண்டாள். "சரி, எந்திரிங்க."

"நான் எங்க உட்கார்றது?"

முக்காலியைக் காலால் என் பக்கம் நகர்த்தினாள்.

"பக்கத்து சீட்டுதானே உங்களுக்குப் பழக்கம்?"