மூன்று மிளகாய் சூப்

"மூணு மிளகாய் போட்டிருக்கு. இதுதான் இங்க விசேஷம் போல."

தம்பி மெனு அட்டையில் விரலை வைத்தார். விடுதிகளுக்கு நட்சத்திரம் கொடுப்பதுபோல இங்கே உணவுக்கு மிளகாய் கொடுத்திருக்கிறார்கள் என்பது அவருடைய கணிப்பு.

"எனக்கென்னடா தெரியும், நீயே சொல்லு" என்றார் அண்ணன். பரிமாறுபவர் ஒரு நொடி தயங்கிவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கி அலறுகிறவர்களைக் கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசியே அமைதிப்படுத்திவிடுவார். அப்படிப்பட்டவருக்குப் பத்து நாளாகப் பேச்சு வரவில்லை. மெலிந்துகொண்டே போன அண்ணனை வற்புறுத்திப் பரிசோதனைக்கு இழுத்துப் போனது அவர்தான். முடிவும் அவர் கைக்குத்தான் வந்தது. இரைப்பையில் புற்றுநோய். அண்ணனிடம் வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்திருந்தார். நோயாளியிடம் நோயைச் சொல்லும் வழக்கம் அவர்கள் குடும்பத்தில் கிடையாது. அப்பாவும் சித்தப்பாவும் கடைசிவரை வாயுத் தொல்லையோடுதான் போய்ச் சேர்ந்தார்கள்.

"இனிமே தள்ளிப்போட முடியாது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று காலையில் டாக்டர் கேட்டுவிட்டார்.

வீட்டில் சொன்னால் அண்ணி காதில் விழும். தெரிந்த முகம் எதுவும் எட்டிப் பார்க்காது என்று நம்பித்தான் இந்தத் தாய்லாந்து, வியட்நாம் சாப்பாட்டுக் கடைக்கு மத்தியானம் அழைத்து வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசைக்கு நாலு சாஸ் பாட்டில், சமையலறை வாசலில் நீராவி.

சூப் செங்கல் நிறத்தில் வந்தது. அண்ணன் ஒரு கரண்டி குடித்தார். காது சிவந்தது.

"வயித்துப் புண்ணுன்னு நீதானேடா சொன்னே?"

"லேசான புண்தாண்ணே."

"லேசாத்தான் இருந்துது. இப்ப இல்ல."

தம்பி பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினார். அண்ணன் மடமடவென்று குடித்தார்.

"தண்ணி குடிச்சா இன்னும் ஏறும் சார்" என்றார் பரிமாறுபவர். "அந்த இனிப்பு சாஸைக் கொஞ்சம் ஊத்திக்கங்க."

தம்பி தாராளமாக ஊற்றினார். அது பக்கத்து பாட்டில். இனிப்புக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை. அண்ணன் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது.

"கொல்லப் பாக்குறியாடா?"

அந்த வார்த்தை தம்பிக்குச் சுருக்கென்று தைத்தது. கிண்ணத்துக்குள் கையை விட்டு, மிதந்த மிளகாய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கும்போதே கண் கலங்கியது. அதே விரலால் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அழுதார்கள். பக்கத்து மேசைப் பெண் சத்தமில்லாமல் டிஷ்யூ பெட்டியை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, தன் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது என்று தம்பிக்குத் தோன்றியது. அழுதுகொண்டிருப்பவரைப் புதிதாக என்ன அழவைத்துவிட முடியும்?

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல போய்க் கண்ணைக் கழுவு."

"இல்லண்ணே, இப்பவே சொல்லிடுறேன். உங்களுக்கு..."

விக்கல் வந்து மறித்தது. விக்கலுக்குப் பின்னால் வந்தது விக்கல் இல்லை. தம்பி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். எது மிளகாய்க் கண்ணீர், எது தன்னுடையது என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. அண்ணன் எதுவும் கேட்காமல் அந்தக் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அமர்க்களம் கேட்டு, கடைக்காரம்மா சமையலறையிலிருந்து வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிவப்புக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, யாரும் கேட்காத வெள்ளைக் கஞ்சி ஒன்றை அண்ணன் முன்னால் வைத்தார்.

"அழட்டும் விடுங்க ஐயா" என்றார். "தம்பிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு, மூணு மாசமா ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில ஊசி போட்டுட்டு வந்து என்கிட்டதானே புலம்புவீங்க. இன்னைக்கு ஒருவழியா சொல்லிட்டீங்க."