வர்க்கலையில் நின்றுபோன ஜெபம்

நான் ஜெபம் செய்ய எழுந்தால் எங்கள் சபையில் வயதானவர்கள் மெதுவாக உட்கார்ந்துவிடுவார்கள். விவரம் தெரிந்த தாய்மார் கைக்குழந்தைகளுக்கு முன்கூட்டியே பால் கொடுத்துவிடுவார்கள். இதையெல்லாம் மரியாதை என்று நான் எண்ணிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலம் திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில், பட்டப்பகலில், முடிவுக்கு வந்தது.

மார்த்தாண்டத்துப் பக்கம் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்து, ஆறாவதின் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பினவன் நான். தூத்துக்குடியில் உப்பளம், கொழும்பில் ஒரு ஹோட்டலின் பின்கட்டு, பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் ஒரு மழைக்காலம். பொன்முடியில் அட்டை கடித்தது, காய்ச்சல் வந்தது, இறங்கிவிட்டேன். (வருத்தப்பட ஒன்றுமில்லை. அட்டைக்கும் வயிறு இருக்கிறது.) நடுவில் கொஞ்ச காலம், சந்தை சந்தையாகப் போய் வாயுத் தைலம் விற்கும் ஒருவரிடம் இருந்தேன். தைலப் புட்டியைத் தூக்கிப் பிடிப்பது அவர் வேலை. பேசுவது என் வேலை. மூச்சு விடாமல் பேசவேண்டும். மூச்சு விட்டால் கூட்டம் கலைந்துவிடும். வாழ்க்கையில் எனக்கு ஒழுங்காக ஏறிய பாடம் இது ஒன்றுதான்.

பொன்முடியிலிருந்து இறங்கிய என்னை ஏற்றுக்கொண்டவர் திருவனந்தபுரம் பாளையத்தில் தையற்கடை வைத்திருந்த ஞானமுத்து. எங்கள் பக்கத்துக்காரர். கடைக்குப் பின்னால் படுக்க இடம் கொடுத்தார், பித்தான் தைக்கக் கொடுத்தார். நான் தைத்த பித்தான்கள் வாடிக்கைக்காரர் வாசலைத் தாண்டும் முன்பே விழுந்தன. அவற்றைப் பொறுக்கி மறுபடி தைத்தது அவர் மகள் லீதியாள். ஞானமுத்துவுக்கு அப்போதே கண் மங்கத் தொடங்கியிருந்தது. ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதும் அந்தப் பெண்தான். இனி அவருடைய தையலை நம்பி அந்த வீடு நடக்காது என்று அவருக்கும் அவர் மனைவி அன்னம்மாளுக்கும் தெரியும். வெளியே சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் தாலந்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எஜமான் பெருக்கச் சொல்லிக் கொடுத்த தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்துவைத்த வேலைக்காரன் வெளியே இருட்டில் தள்ளப்பட்ட கதை. எல்லோரும் கேட்டுவிட்டுச் சோறு தின்னப் போனார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடவுள் எனக்கு என்ன தாலந்து தந்தார்? பித்தான் தைப்பது இல்லை, அது நிச்சயம். பாட்டுப் பாடினால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். எதையோ தந்திருக்கிறார், நான்தான் எந்த ஊரிலோ புதைத்துவிட்டு, இடத்தையும் மறந்துவிட்டேன் என்று தோன்றியது. கொழும்பாக இருந்தால் எப்படிப் போய்த் தோண்டுவது?

அந்த வாரமே ஞானமுத்து வீட்டு ஜெபக்கூட்டத்தில், ஜெபிக்க ஆளில்லாமல் என்னை எழுப்பிவிட்டார்கள். எழுந்தேன், வாயைத் திறந்தேன். தைலச் சந்தையில் பழகிய வாய், பிறகு மூடவில்லை. நாடுகளுக்காக ஜெபித்தேன், நோயாளிகளுக்காக ஜெபித்தேன், நோய்களின் பெயரெல்லாம் எனக்கு ஏற்கெனவே மனப்பாடம். அன்னம்மாள் அடுப்பில் வைத்திருந்த மரச்சீனிக் கிழங்கு அடிப்பிடித்து, வீடெல்லாம் புகை. முடித்தபோது உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். (புகையினால் என்று லீதியாள் பின்னாட்களில் சாதித்தாள்.)

“சாமுவேலே, இதுதான் கர்த்தர் உமக்குத் தந்த தாலந்து, கேட்டோ,” என்றார். “புதைச்சுப் போடாதேயும்.”

கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் நிம்மதி வரவில்லை. புதுக் கவலைதான் வந்தது. இனி நான் எந்த ஜெபத்தையும் சுருக்கமாக முடித்தால் அது தாலந்தின்மேல் ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டதாகும் அல்லவா? பயந்து பயந்து நீட்டினேன். சபையாரும் பொறுத்துக்கொண்டார்கள். புதிதாய்ச் செருப்பு வாங்கியவன் வீட்டுக்குள்ளும் அதைப் போட்டு நடப்பதைப் பொறுத்துக்கொள்வதுபோல.

அப்போதுதான் லீதியாளுக்கு மதுரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. புறப்பட்ட மறுநாள் காலையில் அங்கே பெரிய டாக்டரம்மா முன்னால் போய் நிற்கவேண்டும். முந்தின வருஷம் பாறசாலைப் பெண் ஒருத்தி அரைநாள் பிந்திப் போனாள். அவள் இடத்தை வாசலில் காத்திருந்த வேறொருத்திக்குக் கொடுத்து, இவளை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்னம்மாள் இந்தக் கதையை ஒருநாளைக்கு ஒருதரமாவது சொல்லுவாள். ஆகவே புறப்படும் நாளில் வண்டி வருவதற்கு வெகுநேரம் முன்பே குடும்பத்தோடு ஸ்டேஷனில் இருந்தோம்.

வண்டி வந்து நின்றது. லீதியாளின் தகரப்பெட்டியை உள்ளே ஜன்னலோரம் வைத்து, இடம் பிடித்துவிட்டு, அவளும் கீழே இறங்கிவந்தாள். ஜெபத்துக்காக. எங்கள் ஆட்கள் ஜெபிக்காமல் யாரையும் வண்டி ஏற்றமாட்டார்கள். கரமனை அக்கிரகாரத்தில் சகுனம் பார்த்துப் புறப்படுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வார்கள், நாங்கள் மூடிக்கொள்வோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வட்டமாக நின்றோம். உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “சாமுவேல் பண்ணட்டும்,” என்றார்.

“சுருக்கமா பண்ணும், என்னா?” என்றாள் அன்னம்மாள்.

சுருக்கம் என்றால் எத்தனை கைப்பிடி மண் என்று அவள் சொல்லவில்லை.

எல்லோரும் கண்ணை மூடினோம். இஞ்சினில் ஆரம்பித்தேன். இஞ்சினை ஓட்டுகிறவரின் கண்பார்வை, கரி அள்ளிப் போடுகிறவரின் கை, சக்கரம், சக்கரத்தை இறுக்கியிருக்கும் ஆணி. அங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் அந்தப் பாதை முழுவதும் எனக்குத் தெரியும். டிக்கெட்டுக்கு வழியில்லாமல் ஒருமுறை செங்கோட்டையிலிருந்து தண்டவாளத்தோரமாகவே நடந்து வந்தவன் நான். ஆகவே லீதியாளை ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கர்த்தரின் கையில் ஒப்புக்கொடுக்கத் தொடங்கினேன். பேட்டையைக் கடந்தேன். கழக்கூட்டத்தில் இருக்கும்போது ஸ்டேஷன் மணி அடித்தது.

கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். முடித்துவிடு என்றது ஒரு மனசு. இன்னொரு மனசு கேட்டது: கழக்கூட்டத்துக்கு ஜெபித்துவிட்டுப் பரவூருக்கு ஜெபிக்காமல் விட்டு, பரவூரில் வண்டிக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? சிறையின்கீழ் ஸ்டேஷனுக்கு விரைந்தேன். அப்போது விசில் ஊதியது. வேகத்தைக் கூட்டினேன். வர்க்கலையில் ஒரு குகை இருக்கிறது. படகுக்காக வெட்டிய குகைதான், ஆனாலும் அதைச் சும்மா விடமுடியாது. குகைக்குள் இருட்டில் லீதியாளுக்குத் துணை வேண்டினேன்.

யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

ஜெபவேளையில் தோளைத் தட்டுகிறவன் யாராக இருக்க முடியும்? “ஆண்டவரே, இந்த நேரத்தில் எங்களைக் கலைக்க வந்து நிற்கிற எதிராளியான சாத்தானைத் தூரத் துரத்தும்,” என்று குரலை உயர்த்தினேன். எதிராளி மறுபடியும் தட்டினான்.

“ஜெபிச்சோளு, விரோதமில்ல,” என்றது ஒரு குரல், நிதானமாக. “பக்ஷே, வண்டி போயி, கேட்டோ.”

கண்ணைத் திறந்தேன். போர்ட்டர் ஒருவர் தலைச் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் எதிர்ப்பக்கத்து மதில் தெரிந்தது. வண்டி நின்றிருந்தால் அந்த மதில் தெரியக்கூடாது.

என் வண்டி வர்க்கலைக் குகையில் இருந்தது. சர்க்கார் வண்டி பேட்டைப் பக்கம் புகைவிட்டுக்கொண்டிருந்தது. யாருக்குமே விசில் கேட்காமல் இல்லை. ஜெபத்தில் கண்ணைத் திறந்தால் பாவம் என்று ஒருவர், வேறு வண்டி என்று ஒருவர், வண்டி புறப்பட்டால் சாமுவேலே நிறுத்திவிடுவான் என்று ஒருவர். கடைசியாகச் சொன்னவர் உபதேசியார். இத்தனை நாள் அவர் என்னைப்பற்றி உயர்வாகவே எண்ணியிருக்கிறார்.

அன்னம்மாள் கீழே உட்கார்ந்துவிட்டாள். லீதியாள் அழவில்லை. “அண்ணே, என் பெட்டி போவுது,” என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று வேறு வண்டி கிடையாது. பெட்டி மதுரைக்குப் போய், அது மட்டும் டாக்டரம்மா முன்னால் நிற்கும். நான் ஓடினேன். எங்கே என்று தெரியாமல்தான் ஓடினேன். ஸ்டேஷனுக்கு வெளியே சாலைக் கம்போளச் சந்தையில் சரக்கை இறக்கிவிட்டுக் கொல்லத்துக்குத் திரும்பும் லாரி ஒன்று நின்றது. கொல்லத்தில் ரயில் இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வெகுநேரம் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குழாயில் நான் குளித்திருக்கிறேன். டிரைவர் கதையைக் கேட்டார், மீசையைத் தடவிக்கொண்டார், “கேறிக்கோ,” என்றார். லீதியாளும் ஞானமுத்துவும் முன்னால் ஏறினார்கள். நான் அவர்களுக்கும் கதவுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டேன்.

லாரி போன போக்கில் பல்லும் பல்லும் இடித்தது. வெளியே இருட்டில் பல்கடிப்பு உண்டு என்று பிரசங்கத்தில் கேட்டிருந்தேன், வெளிச்சத்திலும் உண்டு. ஆற்றிங்ஙலில் மாட்டுவண்டிகள் வரிசையாக எதிரே வந்து வழியை அடைத்தன. எனக்கு வாய் தானாக அசைந்தது.

“வே,” என்றார் ஞானமுத்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. “வாயத் தொறந்தீருண்ணா எறக்கி விட்டிருவேன்.”

“இல்ல அண்ணாச்சி, மனசுக்குள்ள...”

“மனசுக்குள்ளயும் வேண்டாம். ஒம்ம மனசு ஒம்ம வாயவிட நீளம்.”

டிரைவர் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். “அல்ல, இத்ர நேரம் தெய்வத்தினோடு எந்தா பறஞ்சது?”

“ரயில்வே அட்டவணை,” என்றாள் லீதியாள்.

டிரைவர் சிரித்த சிரிப்பில் லாரி ஓடைப்பக்கம் போய்த் திரும்பியது. ஞானமுத்து சிரிக்கவில்லை. வேறு ஏதோ அவரை உறுத்துவதுபோல, “அது கெடக்கட்டு,” என்றார். “அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்லலியே வே. பிள்ளைய வர்க்கலைக் குகையில விட்டுட்டு வந்திருக்கேரு. அது அப்பிடியே தொறந்து கிடக்கு.”

உண்மைதான். முடியாத ஜெபத்தோடு அந்தப் பெண்ணை எப்படி அனுப்புவது? முடிப்பதென்றால் இன்னும் பரவூர், கொட்டாரக்கரை, புனலூர், மலைப்பாதை, செங்கோட்டை எல்லாம் பாக்கி இருக்கிறது.

கொல்லத்துக்குள் நுழையும் இடத்தில் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. லாரி நின்றது. எங்கள் ரயிலே வந்து, எங்கள் மூக்குக்கு முன்னால், மெதுவாக நகர்ந்து போனது. ஒரு ஜன்னலில் லீதியாளின் தகரப்பெட்டி தனியாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போனதை லீதியாளும் நானும் பார்த்தோம்.

இறங்கி ஓடினோம். ஞானமுத்துவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர் கையை நான் பிடித்திருந்தேன். ஓடியது அவர், இழுபட்டது நான். பிளாட்பாரத்துக்குள் போகும்போது இஞ்சின் தண்ணீர் குடித்து முடித்துத் திரும்பிவந்து ரயிலோடு கோத்துக்கொண்டிருந்தது. லீதியாள் தன் தகரப்பெட்டி இருந்த ஜன்னலைக் கண்டுபிடித்து ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அப்பாவைப் பார்த்தாள். கார்டு கொடியை எடுத்தார்.

“ஜெபத்த முடிச்சிரும் வே,” என்றார் ஞானமுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு. “பிள்ள போறதுக்குள்ள முடிச்சிரும்.”

கண்ணை மூட எனக்குத் தைரியம் இல்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தேன்.

“ஆண்டவரே, மீதி ஸ்டேஷன் எல்லாம் உமக்கே தெரியும். ஆமென்.”

“ஆமென்,” என்றார் ஞானமுத்து. “ஆமென்,” என்றாள் லீதியாள், ஜன்னலிலிருந்து. வண்டி நகர்ந்தது. அவள் மறுநாள் காலை நேரத்தோடு போய்ச் சேர்ந்தாள். படித்து முடித்து, அந்த வீட்டை அவள்தான் தாங்கினாள்.

தாலந்தைப் புதைக்கிறவனைப் பற்றித்தான் பிரசங்கம் செய்கிறார்கள். அதை மேளதாளத்தோடு ஊர்வலம் விடுகிறவனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. என் ஜெபங்களில் அன்று பரலோகம் போய்ச் சேர்ந்தது அந்தக் கடைசி ஒரு வரிதான் என்று இப்போதும் நம்புகிறேன். தாலந்து எனக்கு இருந்தது மெய். அது லீதியாள் ஊர் போய்ச் சேருவதற்காகத் தரப்பட்டது, மற்றவர்கள் என் குரலைக் கேட்பதற்காக அல்ல. இது புரிவதற்கு எனக்கு ஒரு லாரி தேவைப்பட்டது.

பிறகும் நான் ஊர் சுற்றினேன். திரும்பும்போதெல்லாம் அந்த வீட்டுக்குத்தான் வருவேன். சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கச் சொல்வார்கள், ஆனால் சோற்றைப் பரிமாறி, குழம்பும் ஊற்றி, பிள்ளைகள் கையை வைத்த பிறகு சொல்வார்கள். கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த பிறகு சொல்வார்கள். மழை வேண்டி ஜெபிக்கச் சபையில் என்னைக் கூப்பிட்டபோது, முதலில் மழை பெய்யட்டும் என்று யாரோ சொன்னார்கள்.

சில வருஷம் கழித்து ஞானமுத்து இறந்துபோனார். நான் விழிஞ்ஞத்தில் மீன் கூடை தூக்கிக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு நடந்தே வந்தேன். லீதியாளும் வந்திருந்தாள், நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல். சவப்பெட்டி மூடியாயிற்று. எடுப்பதற்குமுன் ஜெபிக்கவேண்டும். உபதேசியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுந்தேன். வீடு நிறையப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

மூலையில் கிடந்த அன்னம்மாள் முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள்.

“முதல்ல பெட்டியத் தூக்கச் சொல்லுங்கோ,” என்றாள். “பொறவு அவரு ஜெபிக்கட்டும்.”

அழுதுகொண்டிருந்த லீதியாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அந்த வீடே சிரித்தது, அழுதுகொண்டே. ஆட்கள் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் நான் ஆமென் சொல்லிவிட்டேன்.