கைக்குட்டையின் மறுமுனை

உலகத்தில் ஆடுகிறவர்கள் உண்டு. ஆடாமல் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே, தானும் ஆடிக்கொண்டே எதிரில் ஆடுகிறவருக்கு ஆடச் சொல்லித்தருகிற ஓர் இனம் இருக்கிறது. இவரை நீங்கள் வேறு இடங்களிலும் சந்தித்திருப்பீர்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு ரசத்தை எப்போது வாங்கவேண்டும் என்று சொல்பவர் இவர்தான். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிப்பவரும் இவர்தான். ஆனால் இந்த இனத்தின் முழு வளர்ச்சியை நான் கண்டது 2011-இல், கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில், நானும் சேர்ந்திருந்த ஸ்விங் டான்ஸ் வகுப்பில்.

கடலூரில் ஸ்விங் டான்ஸா என்று புருவத்தை உயர்த்த வேண்டாம். எண்பது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் டிரம்பெட் சத்தத்துக்குத் துள்ளித் துள்ளி ஆடிய ஜோடி ஆட்டம் அது. அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்தது. சிங்கப்பூருக்கு வந்த எந்தப் பொருள் கடலூருக்கு வராமல் இருந்திருக்கிறது? நான்கு வருடம் அங்கே வேலை பார்த்த அனுப்பிரியா, டிவி பெட்டியோடும் தைலத்தோடும் இதையும் கொண்டுவந்தாள். மாடி அவளுடைய மாமா தங்கராசுவுடையது. கீழே டைப்ரைட்டிங், மேலே காலி. ஞாயிறு சாயங்காலம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டதற்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“ஆடு, குதி, என்னா வேணா பண்ணு. ஆனா ஆம்பளையும் பொம்பளையும் கையப் புடிக்கக் கூடாது. கீழ டைப் அடிக்க வர்ற புள்ளைங்களோட அப்பன்லாம் எனக்குத் தெரிஞ்சவன்.”

“கையப் புடிக்கலன்னா அது ஸ்விங்கே இல்ல மாமா.”

“அப்ப அதுக்கு வேற எதாச்சும் பேரு வையி.”

இரண்டு நாள் யோசித்து அனுப்பிரியா ஒரு வழி கண்டுபிடித்தாள். கைக்குட்டை. ஒரு முனையை ஆண் பிடிப்பார், மறுமுனையைப் பெண் பிடிப்பார். நடுவில் ஒரு முழம் கட்டம்போட்ட துணி. மாமாவும் ஒப்புக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், ஒழுக்கத்துக்காக வந்த அந்தத் துணி ஆட்டத்துக்கே நல்ல வாத்தியாராகிவிட்டது. இந்த ஆட்டத்தில் இருவருக்கும் நடுவே லேசான இழுப்பு இருந்துகொண்டே இருக்கவேண்டும். அதில்தான் இவர் நினைப்பது அவருக்குத் தெரியும். கையைக் கை பிடித்தால் அந்த இழுப்பு இருப்பதுபோல் நடித்துவிடலாம். துணி நடிக்காது. தொங்கினால் தொங்கியதுதான். கலியமூர்த்தி என்று புவனகிரியில் உரக்கடை வைத்திருப்பவர் மனைவியோடு வந்துகொண்டிருந்தார். “நீங்க புருஷன் பொண்டாட்டி, கையே புடிச்சிக்கலாம்” என்று அனுப்பிரியா சொன்னபோது, அந்த அம்மாள் சற்றும் யோசிக்காமல், “வாணாம்மா, எனக்குக் கைக்குட்டையே போதும்” என்றுவிட்டார்.

இந்த மாடிக்குத்தான் வந்து சேர்ந்தார் ராஜமாணிக்கம். செம்மங்குப்பத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. வாரத்தில் ஆறு நாள் ஹெல்மெட் போடு, கண்ணாடி போடு, அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லிக்கொண்டிருப்பவர், ஏழாவது நாள் மட்டும் வாயை எங்கே கழற்றி வைப்பார்? எங்களோடு அதே நாளில்தான் அவரும் சேர்ந்தார். முதல் அரை மணி நேரம் கற்றுக்கொண்டார். அதன்பிறகு கற்றுக்கொடுத்தார்.

அவருடைய வழிமுறையைச் சொல்கிறேன், அடையாளம் கண்டுகொள்ள உதவும். கைக்குட்டையை நீட்டி, குனிந்து, “மேடம், இந்தப் பாட்டு என்னோட?” என்று கேட்பார். அப்படிக் கேட்பதில் குறை சொல்ல முடியாது. முதல் எட்டு எண்ணிக்கை அமைதியாகப் போகும். ஒன்பதாவதில், “ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?” என்பார். எடுத்துக்கொள்வேன் என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு வாய் வரும்? அவ்வளவுதான். பின்னங்கால் கொஞ்சம் கம்மி, முழங்கால் கொஞ்சம் ஜாஸ்தி, பார்வை தரையில் இருக்கிறது, பார்வை கூரையில் இருக்கிறது, கைக்குட்டை தொங்குகிறது, கைக்குட்டை இறுகுகிறது, சிரியுங்கள், சிரித்துக்கொண்டே பல்லை மூடுங்கள் என்று பாட்டு முடியும்வரை ஓடும். டிரம்பெட் என்னதான் முயன்றும் அவரை முந்த முடியாது. கடைசியில் ஒரு கும்பிடு போட்டு, “நானும் இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன்” என்பார். அவர் சொன்ன எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் உண்மை, அதை மட்டும் அவர் நம்பவில்லை.

அந்த வருடம் மின்வெட்டுக் காலம். பாட்டின் நடுவில் கரண்ட் போகும். எங்களுக்கெல்லாம் ஆட்டம் நின்றுபோகும். அவருக்கு அப்போதுதான் ஆரம்பிக்கும். “நிக்காதீங்க, நிக்காதீங்க! நான் எண்ணுறேன்” என்று தொடையில் தட்டி ஒன்று இரண்டு எண்ணுவார். எண்ணிக்கைக்கு நடுவிலும் திருத்தம் வரும் என்பதால் மூன்றுக்குப் பிறகு மறுபடி ஒன்று வரும். அந்த இருட்டில் கலியமூர்த்தி என் காதருகே வந்து, “மச்சான், இவரு வீட்ல சாமி கும்புட்டா சாமிக்கே நிக்கச் சொல்லித் தருவாரு” என்று கிசுகிசுத்தது நினைவிருக்கிறது.

சரி, கெட்ட மனிதரா? அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் விரட்டியிருக்கலாம். சிவப்புத் தரையில் கால் ஒட்டாமல் வழுக்கி ஆட வசதியாகக் கேரம்போர்டு பவுடர் வாங்கி வருபவர் அவர். மழை நாளில் பெண்களைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிடுபவர் அவர். போகும் வழியெல்லாம் அவர்களுடைய முழங்காலைப் பற்றிப் பேசுவார் என்பது வேறு விஷயம்.

எட்டுப் பெண்களோடு தொடங்கிய வகுப்பு நான்கானது. ஒருவர் “மூச்சை ஆறாவது எண்ணிக்கைல விடுங்க” என்று சொல்லப்பட்ட வாரத்தில் நின்றார். இன்னொருவர் ஆடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உட்காரும் விதம் திருத்தப்பட்டு நின்றார். அனுப்பிரியா கீழே போய், தானே டைப் அடித்து ஒரு விதியைச் சுவரில் ஒட்டினாள்: “ஆட்டத்தின்போது, கேட்டாலொழிய யாரும் யாருக்கும் சொல்லித்தரக் கூடாது.” சிங்கப்பூரிலும் இந்த விதி உண்டாம். ராஜமாணிக்கம் அதை இரண்டு முறை படித்தார். “ரொம்ப அவசியமான விதி” என்றார். அடுத்த வாரம் அதை ஜெராக்ஸ் எடுத்து வந்து எல்லோருக்கும் கொடுத்தார். அதன்பிறகு, அடுத்த ஜோடியில் யாராவது வாயைத் திறந்தால் தன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போய், அங்கே சொல்லித்தரக் கூடாது என்று சொல்லித்தந்தார்.

இப்படி இருக்கையில்தான் தங்கராசு மாடியில் டேலி கம்ப்யூட்டர் வகுப்பு வைக்கப்போவதாகச் சொன்னார். அனுப்பிரியா கெஞ்சினாள். அவர் இரண்டாவது நிபந்தனை போட்டார். சிதம்பரத்தில், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்களின் குடும்ப விழாவில் நான்கு ஜோடிகள் ஆட அழைப்பு வந்திருந்தது. “நானும் வந்து முன்வரிசையில ஒக்காந்து பாக்குறேன். பெரிய மனுஷங்க கை தட்டுனாங்கன்னா மாடி உனக்கு. மூஞ்சச் சுளிச்சாங்கன்னா டேலி.”

நான்கு ஜோடிக்கு, அனுப்பிரியாவையும் சேர்த்து நான்கு பெண்கள் சரியாக இருந்தார்கள். ஆண்களும் நான்கு பேர்தான், ராஜமாணிக்கத்தையும் சேர்த்து. ஒருவர் நின்றாலும் கதை முடிந்தது. அப்படி நின்றுவிட ஒருத்தி தயாராக இருந்தாள். வினோதினி, பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளைத் திருத்திவிட்டு, தான் திருத்தப்படாத ஒரு மணி நேரத்துக்காக மாடி ஏறி வருபவள். ஜோடி சேர்க்கச் சீட்டுப் போட்ட குலுக்கலில் அவளுக்குத்தான் ராஜமாணிக்கம் விழுந்திருந்தார்.

“என்னால முடியாதுக்கா. நான் போறேன்.”

“ஒரே ஒரு பாட்டு, வினோ. அதுக்கப்புறம் நீ என்னா சொல்றியோ அது.”

வினோதினி யோசித்தாள். “சரி, ஆடுறேன். ஆனா ஆடும்போது அவரு வாயத் தொறந்தாருன்னா என் முனைய விட்டுடுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.”

அனுப்பிரியா இதை ராஜமாணிக்கத்திடம் பக்குவமாகச் சொன்னாள். “சேச்சே, மேடைல பேசுறதா? அது அடிப்படை மரியாதை இல்லியா?” என்றார் அவர். சிதம்பரம் போய்ச் சேரும்வரை, மேடையில் ஏன் பேசக் கூடாது என்று வேனில் எங்களுக்கு விளக்கிக்கொண்டு வந்தார்.

கீழவீதிப் பக்கத்து மண்டபம். முன்வரிசையில் வெள்ளைச் சட்டைகள், பட்டுப்புடவைகள், நடுவில் தங்கராசு, கையைக் கட்டிக்கொண்டு. பாட்டு தொடங்கியது. நான்கு கைக்குட்டைகளும் விறைத்தன. முதல் எட்டு எண்ணிக்கை அமைதி. இரண்டாவது எட்டும் அமைதி. அனுப்பிரியாவின் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. என் எதிரில் ஆடியவள் அவள் என்பதால் நான் பார்த்தேன். மூன்றாவது எட்டில் கலியமூர்த்தியின் மனைவி இடது காலுக்குப் பதில் வலது காலை வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த ராஜமாணிக்கத்தால் எவ்வளவுதான் தாங்க முடியும்?

“இடது, மேடம், இடது,” என்றார். திறந்த வாயை ஏன் வீணாக்க வேண்டும் என்று, திரும்பாமலே வினோதினிக்கும் ஒன்று சொன்னார். “தோள எறக்குங்க.”

வினோதினி தன் முனையை விட்டுவிட்டாள்.

ஆனால் மேடையை விட்டுப் போகவில்லை. இரண்டு அடி தள்ளி நின்று, கைகளை வீசி, அதே தாளத்தில், அதே அடிகளை, எதிரில் யாரும் இல்லாதவள் ஆடுவதுபோல் ஆடினாள். அவள் அப்படி ஆடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முழங்கால் ஜாஸ்திதான், பார்வை கூரையில்தான். தோள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ராஜமாணிக்கத்தின் கண் கலியமூர்த்தி மனைவியின் காலில் இருந்தது. அவர் கையில் கைக்குட்டை வேட்டி நுனிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தூக்கினார், சுழற்றினார், அதற்கு அடியில் யாரையோ ஒரு சுற்றுச் சுற்றவிட்டார். “ம்… இப்ப பாருங்க, எவ்ளோ லேசா வருது! ஆறு மாசமா இதத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்று கைக்குட்டையைப் பாராட்டினார்.

முன்வரிசையில் முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. பாட்டு முடிந்தபோது கைத்தட்டல் நிற்கவில்லை. வினோதினி வணங்கினாள். ராஜமாணிக்கம், அப்போதுதான் அவள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறாள் என்று பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தானும் வணங்கினார்.

தங்கராசு மேடைக்கே ஏறி வந்துவிட்டார். “இதத்தான் நான் மொதல்லயே சொன்னேன். கையும் படல, துணியும் படல, எவ்ளோ கவுரவமா இருந்துச்சு! மாடி உனக்குத்தாம்மா. டேலிய வேற எங்கயாச்சும் வச்சிக்கிறேன்.”

அனுப்பிரியா வினோதினியைப் பார்த்தாள். “நீ என்னா சொல்றியோ அதுன்னேன். சொல்லு. வகுப்புலேருந்து நின்னுடுறியா?”

“ஞாயித்துக்கெழமை வரேன்க்கா,” என்றாள் வினோதினி. “இனிமே அவருக்கு ஜோடி கைக்குட்டைதான்.”

வேனில் திரும்பும்போது, அவர் என்ன சொல்வாரோ என்று எல்லோரும் காத்திருந்தோம். புவனகிரி தாண்டியதும் ராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினார். “முனைய விட்டுட்டு ஆடுறதுங்கிறது அடுத்த கட்டம்,” என்றார். “எல்லாருக்கும் வராது. எப்ப விடணும்னு ஒரு கணக்கு இருக்கு. ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

வாசகரே, நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, அனுப்பிரியா முதல் வாரமே அவரிடம் நேராகச் சொல்லியிருக்க வேண்டும் என்றோ, வினோதினி இன்னும் பக்குவமாக நடந்திருக்கலாம் என்றோ, இந்த விஷயத்தை நான் இன்னும் சுருக்கமாக எழுதியிருக்கலாம் என்றோ, இரண்டொரு இடத்தில் உங்களுக்குத் தோன்றியதா? பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லவும் ஆரம்பித்துவிட்டீர்களா? இப்போது அவர் மிகவும் லேசாக, மறுப்பே இல்லாமல் தலையாட்டுகிறாரா?

கொஞ்சம் திரும்பி, மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.