எதுவும் ஒட்டாத ஜீப்

மூன்றாவது ரிபனும் ஜீப்பின் கதவில் வழுக்கிக் கீழே விழுந்தபோது, டோரின் அன்ரி கையிலிருந்த டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருநாள் அலங்காரக் குழுவுக்கு அவர்தான் தலைவி.

"டேப்பில பிழையில்ல. உங்கட ஜீப்பிலதான் ஏதோ பிழை, நிக்கலஸ்."

"பொலிஷ் கொஞ்சம் கூடிட்டுது, அன்ரி," என்றான் நிக்கலஸ்.

அப்பட்டமான பொய். பொலிஷாவது மண்ணாவது. ஜீப்பின் உடம்பு முழுக்க இருந்தது தேங்காயெண்ணெயும் சிலிக்கோனும் கலந்த ஒரு பூச்சு.

கொட்டாஞ்சேனையில் திருநாள் பவனிக்குப் புனிதரின் சுரூபத்தை ஏற்றிப் போக ஒருவருடைய வண்டி தெரிவாவது லேசுப்பட்ட விஷயமில்லை. இந்த வருடம் அந்தப் பாக்கியம் நிக்கலசுக்கு வாய்த்திருந்தது. அவன் மனைவி ஐறீன் அதைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் சொல்லி முடித்து, சாரியும் எடுத்துவிட்டாள். பங்குத்தந்தை ஒரேயொரு நிபந்தனைதான் போட்டிருந்தார். திருநாள் முடியும்வரை ஜீப் களனிப் பக்கத்துச் சேற்றுப் பந்தயத்துக்குப் போகக்கூடாது. போனால் வேறு வண்டி.

நிக்கலஸ் துறைமுகத்தில் கிளார்க். கிழமை முழுவதும் கதிரையில் தேய்கிற மனுசனுக்குச் சேற்றைக் கண்டால்தான் உயிர் வரும். தலைக்கவசம் போட்டால் யார் எவர் என்று எவருக்குத் தெரியப்போகிறது? நேற்றுப் போய்விட்டான்.

போகுமுன் மாளிகாவத்தைக் கராஜ்காரர் ஸைத்திடம் யோசனை கேட்டான்.

"இதப் பூசுங்க. சேறு ஒட்டினா நான் கராஜ மூடிட்டுப் போறேன்," என்றார் ஸைத்.

அவர் கராஜை மூட வேண்டி வரவில்லை. ஜீப் முதலாவதாக வந்தது. டயர்ச் சில்லு தவிர வேறெங்கும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. வீடு திரும்பிய கணவன் பகல் முழுவதும் எங்கேயோ வைத்து ஜீப்பைக் கழுவியிருக்கிறான் என்று நம்பி, ஐறீன் அவனுக்கு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்தாள். சேறு ஒட்டாத இடத்தில் வேறெதுவும் ஒட்டாது என்பது அந்த முட்டையைச் சாப்பிடும்போது அவனுக்குத் தோன்றவில்லை.

"மாப்பசை காய்ச்சுவம்," என்றாள் ஐறீன் இப்போது.

காய்ச்சினார்கள். காகிதப் பூக்களைப் பசையில் தோய்த்து அப்பினார்கள். பூக்கள் கூட்டாகப் புறப்பட்டு, மட்கார்டைக் கடந்து, சில்லடியில் போய்ச் சேர்ந்தன.

"சவர்க்காரம் போட்டுக் கழுவினாச் சரி, மச்சான்," என்றான் ஐறீனின் தம்பி பிறெடி.

கழுவினார்கள். எண்ணெய் போகவில்லை, இடம்தான் மாறியது. கதவில் இருந்தது கண்ணாடிக்கு வந்தது. கண்ணாடியில் இருந்தது பிறெடியின் புதுச் சட்டைக்கு வந்தது.

"சாம்பல் போட்டா எண்ணெயை இழுக்கும்," என்றார் டோரின் அன்ரி.

பக்கத்துப் பேக்கரிப் போறணையிலிருந்து ஒரு வாளி சாம்பல் வந்தது. சவர்க்காரம், எண்ணெய், பசை எல்லாவற்றோடும் சேர்ந்து அது கறுத்த களியாகி ஜீப்பில் அப்பிக்கொண்டது. களனிச் சேற்றில் புரண்டும் அழுக்காகாத ஜீப், வீட்டு வாசலில் நின்றபடியே எருமை மாதிரி ஆகிவிட்டது.

ஐறீன் அந்தக் களியையும் கணவனின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நேற்று எங்க போன நீங்க?"

"ஜீப் கழுவ."

"எங்க வச்சு?"

அதற்குள் கோயிலிலிருந்து நாலு பேர் சுரூபத்தைச் சுமந்துகொண்டு வந்து ஜீப்பின் பின்தட்டில் வைத்தார்கள். நிக்கலஸ் வஞ்சகமில்லாமல் அங்கேயும் பூசியிருந்தான். புனிதர் பின்பக்கமாக மெல்ல நகரத் தொடங்கினார். நாலு பேரும் பாய்ந்து பிடித்தார்கள்.

"அவருக்கே இதில போக விருப்பமில்ல," என்றார் டோரின் அன்ரி.

ஐறீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கிறன், நிக். இனி எந்த முகத்தோட கோயிலுக்குப் போறது?"

அதைக் கேட்டதும் நிக்கலசுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பங்குத்தந்தை வந்து சேர்ந்தார். இனி மறைத்து என்ன பயன் என்று அவர் முன்னால் போய் நின்றான்.

"பாதர், நான் நேற்றுப் பந்தயத்துக்குப் போயிட்டன். வேற வண்டி பாருங்க. ஐறீனுக்கு ஒண்டும் தெரியாது, அவவை ஏச வேண்டாம்."

பாதர் ஜீப்பைச் சுற்றி வந்தார். கதவில் ஒரு விரலை வைத்து இழுத்து, மூக்கருகில் பிடித்து மணந்து பார்த்தார். "கயிறு கொண்டு வந்து சுரூபத்தைக் கட்டுங்க, வெள்ளைத் துணியால ஜீப்பை மூடுங்க, நேரமாகுது," என்று மற்றவர்களை அனுப்பினார். பிறகு நிக்கலசின் தோளில் கைபோட்டு மதிலோரம் கூட்டிப் போனார்.

"இந்தப் பூச்சு எங்க எடுத்தனீர்?"

"அதை விடுங்க, பாதர். நீங்க போக வேண்டாமெண்டு சொல்லியும் நான்..."

"உம்மட சில்லு எறிஞ்ச சேற்றைத் தின்று ரெண்டாவதா வந்தது நான்தான், ஐசே," என்றார் பாதர் குரலைத் தாழ்த்தி. "பிறகு என்னத்துக்கு உம்மைப் போக வேண்டாமெண்டு சொன்னனான்?"