மீட்டர் மாமாவின் வெற்றிப் புகார்

நடந்தது இதுதான்:

1. மீட்டர் மாமா அரசாங்கத்துக்கு எக்கச்சக்கமான புகார்கள் அனுப்பினார். எதற்கும் யாரும் வரவில்லை.
2. ஒரே ஒரு புகாருக்கு மட்டும் மறுநாளே ஆள் வந்தது.
3. அது தப்பான புகார்.
4. அதைச் சரிசெய்யப் போய் மாமா இன்னும் மோசமாக்கினார்.

மயிலாப்பூர் மாட வீதிகளில் மூச்சு விடுவதை மாமா அளவுக்குத் தீவிரமாக எடுத்துக்கொண்ட ஜீவன் வேறு கிடையாது. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக வசிக்கிறார். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். காற்றில் எவ்வளவு தூசு என்று காட்டும் கையடக்க மீட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் தெருவுக்கு மறந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் ரசத்துக்குத் தாளித்தால் ஜன்னல் வழியாக மீட்டர் நீளும். "நானூத்திப் பத்து! மிளகாயை இப்படியா கருக்கறது?" டீக்கடையில் சிகரெட் பிடித்தவரின் வாய்க்கு நேரே மீட்டரை நீட்டி, "நன்னா ஊதுப்பா, ரெக்கார்டு பண்ணிக்கறேன்" என்றார். அந்த மனிதர் அரை சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனார். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

நான் தரமணியில் சென்சார்களைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். இது தெரிந்த நாளிலிருந்து மாமாவுக்கு நான் 'டெக்னிகல் டிபார்ட்மெண்ட்'. தினமும் எனக்கு அறிக்கை வரும்.

ஓடிபி பற்றி: "முப்பது செகண்டுல அடிக்கணுமாம். நேக்குக் கண்ணாடி தேடவே நாப்பது செகண்டு ஆறது."

பணக்காரர்கள் பற்றி: "ஏசின்னா என்ன? குளிர்ச்சி அவாளுக்கு, சூடு தெருவுக்கு. அவ்ளோதான்."

அரசாங்கம் பற்றி: "'ஆவன செய்யப்படும்'னு ஆயிரம் தடவை எழுதினவன்மா நான். அதுக்கு என்ன அர்த்தம்னு நேக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் மாமா புகார் போட்டுக்கிட்டே இருக்கீங்க?"

"அந்தப் பக்கம் உக்காந்து பார்த்தாச்சு. இந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு பார்க்கறேன்."

எங்கள் தெருமுனையில் செல்வி அக்கா பஜ்ஜி வண்டி போட்டிருக்கிறார். மாலை ஆறு மணிக்கு அங்கே மீட்டர் எகிறியது. மாமா மூன்று நாள் குறித்தார், படம் எடுத்தார், புகார் செயலியில் ஏற்றினார். மறுநாளே அக்காவின் கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. மூன்று நாளில் வண்டியை எடுத்துவிட வேண்டும்.

அதை எடுத்துக்கொண்டு அக்கா நேராக வந்தது மாமாவிடம்தான்.

"மாமா, நீ படிச்ச ஆளு. இன்னா எழுதிக்கீதுன்னு பாரு. எவனோ என் மேல கம்ப்ளெய்ண்டு குடுத்துக்கீறான். என் பொண்ணு காலேஜு இந்த வண்டியிலதான் ஓடுது. எவன்னு மட்டும் தெரியட்டும், கொதிக்கிற எண்ணெய எடுத்து மூஞ்சில ஊத்திடுறேன்."

மாமா நோட்டீஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் படித்தார்.

அக்கா போனதும் மாடியேறி வந்தார். "டெக்னிகல் டிபார்ட்மெண்ட்... ஒருவேளை மீட்டர் தப்பாக் காட்டறதோ?"

அன்று மாலையே சோதித்தேன். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. குற்றவாளிதான் வேறு. ஆறு மணிக்கு, தெருக்கோடி பங்களாவின் பெரிய டீசல் கார் பஜ்ஜி வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்கும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். டிரைவர் இறங்கி நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவார்.

"ஓனர் ஏறச்சொல்ல உள்ள ஜில்லுனு இருக்கணும் மேடம். இல்லாங்காட்டி காச்சி எடுத்துடுவாரு."

ஐந்து நிமிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னேன். மீட்டர் சரசரவென்று இறங்கியது. எண்ணெய்ப் புகைக்கும் பங்கு உண்டு. ஆனால் சின்னப் பங்குதான்.

புகாரைத் திரும்பப் பெறலாம் என்று செயலியைத் திறந்தோம். அதற்கு அதில் பட்டனே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: 'நடவடிக்கை எடுக்கப்பட்டது. தங்களுக்குத் திருப்தியா?' நான் வாயைத் திறப்பதற்குள் மாமா 'இல்லை' என்று அழுத்திவிட்டார்.

'வருந்துகிறோம். நடவடிக்கை துரிதப்படுத்தப்படும்' என்றது செயலி. மூன்று நாள் கெடு மறுநாள் காலையாகச் சுருங்கியது.

காலையில் ஒரு லாரியும் ஓர் இளம் அதிகாரியும் வந்தார்கள். அக்கா வண்டிச் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமா நான்கு பக்க மனுவை, மார்ஜின் விட்டு, கையால் எழுதி நீட்டினார்.

அதிகாரி அதை வாங்கவில்லை. "பேப்பர்லாம் வேணாம் சார், எல்லாமே ஆப்தான் இப்போ. கம்ப்ளெய்ண்ட் குடுத்தவரே திருப்தினு போட்டு மூடிட்டா என் வேலை முடிஞ்சுது. நான் பாட்டுக்குப் போய்டுவேன். குடுத்தது யாருன்னு தெரியுமா?"

மாமா மனுவை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"நான்தான்" என்றார்.

சட்டியில் எண்ணெய் ஊற்றாத காலை நேரமாக இருந்தது அவர் செய்த புண்ணியம். அக்கா கத்தக்கூட இல்லை.

"நீயா மாமா?"

"நான்தான் செல்வி. தப்புப் பண்ணிட்டேன். காரோட புகையை உன் தலையில கட்டிட்டேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இன்னாத்துக்கு நின்னுகினு கீற? சீக்கிரம் அமுக்கு!"

மாமா கைப்பேசியை எடுத்தார். இந்த முறை 'ஆம்' என்று அழுத்தியதும், எவ்வளவு திருப்தி என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள் திரையில் வரிசையாக நின்றன. பிறந்ததிலிருந்து எந்த அரசாங்கத்துக்கும் ஒன்றுக்கு மேல் கொடுத்திராத விரல், பழக்க தோஷத்தில் முதல் நட்சத்திரத்தை நோக்கிப் போனது.

"அஞ்சு சார்" என்றார் அதிகாரி. "குறைச்சுப் போட்டா மறுபடி தொறந்துக்கும்."

"அஞ்சா? இவாளுக்கா?"

"அவங்களுக்கு இல்ல மாமா, எனக்குப் போடுறதா நென்ச்சிக்கோ" என்றார் அக்கா.

மாமா கண்ணை மூடிக்கொண்டு ஐந்தை அழுத்தினார். லாரி வெறுமனே திரும்பிப் போனது.

இன்றைய நிலவரம்: பஜ்ஜி வண்டி அதே இடத்தில் இருக்கிறது. மாமா கண்ணில் பட்டால் மட்டும் டிரைவர் எஞ்சினை அணைக்கிறார். அதனால் மாமா தினமும் அரை மணி நேரம் அங்கேயே நிற்கிறார். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள், "வாழக்காயா, வெங்காயமா?" என்று கேட்டுவிட்டார். மீட்டரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, அது பழுதுபார்க்க என்னிடம் வந்திருக்கிறது. பத்து நிமிட வேலை. போன திங்கட்கிழமையே முடித்துவிட்டேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் ஏழு மணிக்குப் பஜ்ஜிப் பொட்டலத்தோடு மாடியேறி வந்து, "ஆச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.