மேகம் சாரின் நீண்ட உறுதிமொழி

நாட்டுக்கு உறுதிமொழி சொல்ல உலகத்திலேயே அதிக நேரம் எடுத்துக்கொண்ட மனிதர் எங்கள் மேகம் சார்தான். சந்தேகம் இருப்பவர்கள் எங்கள் நடுநிலைப் பள்ளியைத் தாண்டி அரூருக்குப் போகும் டவுன் பஸ்ஸின் கண்டக்டரைக் கேட்கலாம். பஸ் போகும்போது சார் முதல் வரியில் நிற்பாராம். அரூர் போய், ஆளை இறக்கி, டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது பாதிதான் தாண்டியிருப்பாராம். கண்டக்டர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார். ரொம்பக் கூட்டவில்லை.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. சமூக அறிவியல் நடத்துவார். பருவக்காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஜன்னல் வழியே மேகம் போகிற திசையைப் பார்த்து அப்படியே நின்றுவிடுவார். பிள்ளைகளும் பார்ப்பார்கள். பக்கத்து வகுப்பில் அறிவியல் நடத்தும் நான், இந்தப் பக்கம் சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தால் மொத்த வகுப்பும் வானத்தில் இருக்கும்.

மற்ற பள்ளிகளில் காலை பிரேயரில் ஒரு மாணவர் முன்னால் வந்து உறுதிமொழி சொல்வார். எங்கள் பள்ளியில் மட்டும் அது மேகம் சாருடைய உரிமை. அவர் வலது கையை நீட்டி ஒரு வரி சொல்வார், பிள்ளைகளும் கையை நீட்டி அதைத் திருப்பிச் சொல்வார்கள். சொல்லிவிட்டு சார் யோசிப்பார். எதிரே தீர்த்தமலை தெரியும். யோசனை மலைவரைக்கும் போய்த் திரும்ப வேண்டுமல்லவா, நேரமாகும். பெரியவர்களை மதிப்பது பற்றிய வரி வந்தால் மட்டும் வெட்கப்பட்டு வேகமாக ஓட்டிவிடுவார். தனக்குத் தானே மரியாதை கேட்கிற மாதிரி இருக்கிறதாம். கடைசி வரி முடிந்ததும், "கைய எறக்கலாங்களா?" என்று பிள்ளைகளிடம் அனுமதி கேட்பார். அவர்களும் கணீரென்று, "கைய எறக்கலாங்களா?" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் இறக்குவார்கள்.

ஆமாம், அவர் வாயிலிருந்து எது வந்தாலும் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். வினை அங்கேதான் இருந்தது. ஒரு பனிக்காலக் காலையில் பாதி உறுதிமொழியில் நிமிர்ந்து பார்த்த சார், "அடடா, மலையக் காணமே!" என்றார். பள்ளி முழுவதும் நாட்டை நோக்கி நீட்டிய கையோடு, "அடடா, மலையக் காணமே!" என்றது. இன்னொரு நாள் வேலி தாண்டி மாடு ஒன்று வந்து செம்பருத்திச் செடியில் வாய் வைத்தது. "அய்யய்யோ, யாராச்சும் மாட்டப் புடிங்க!" என்று சார் கத்தினார். அத்தனை பேரும் அதையே கத்தினார்களே தவிர, ஒருவர்கூட அசையவில்லை. மாடு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனது.

எனக்கு இந்த உறுதிமொழியின் மேலேயே ஒரு வழக்கு உண்டு. சின்னப் பிள்ளைகளை நிற்கவைத்து, புரியாத பெரிய வார்த்தைகளைத் தினமும் ஒப்பிக்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்? அதனால் பிரேயரில் நான் கையை நீட்டுவதில்லை. பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். மாடு வந்துபோன அன்று சாரிடம் நேராகவே கேட்டேன்.

"ஏங்க சார், அர்த்தம் தெரியாம எதுக்குங்க இத சொல்லவைக்கணும்? மாட்டுக்கும் நாட்டுக்கும் அதுங்களுக்கு வித்தியாசம் தெரியலையே!"

சார் கோபித்துக்கொள்ளவில்லை. ரொம்ப நேரம் மலையைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதாங்க டீச்சர். எனக்கே அர்த்தம் இன்னும் முழுசாப் புடிபடல. அதான் தெனமும் ஒருக்கா சொல்லிப் பாக்கறேன்."

"அப்ப நான் கைய நீட்டலைன்னு உங்களுக்கு வருத்தமில்லீங்களா?"

"அய்யோ, எதுக்குங்க? உறுதி வந்தப்பறம் நீட்டுங்க. அவசரமில்ல."

இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் ஏதோ தூக்கத்தில் நடந்த மாதிரி இருக்கிறது. இரண்டு வரிகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் சத்தமில்லாமல் நிற்கும். மாம்பூ வாசனை வரும். பனி மெல்ல விலகி மலை முதலில் பாதியாக, அப்புறம் முழுசாக வெளியே வரும். பிள்ளைகள் நீட்டிய கை அதைத் தொட்டுவிடும்போலத் தோன்றும். மறுப்பு சொல்ல வந்த நானும் அதில் கரைந்து நின்றுவிடுவேன். முதல் பீரியடில் பாதி போய்விட்டதே என்று தலைமை ஆசிரியை அம்மா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினால்தான் எல்லோருக்கும் உயிர் வரும்.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் உறுதிமொழி நடந்துகொண்டிருக்கும்போதே கல்வித்துறை அதிகாரியின் ஜீப் உள்ளே நுழைந்தது. சார் பதறிவிட்டார்.

"அய்யோ, ஆபீசர் வந்துட்டாருங்க!"

"அய்யோ, ஆபீசர் வந்துட்டாருங்க!" என்றது பள்ளி, ஒரே குரலில், கொஞ்சமும் பிசிறில்லாமல்.

அதிகாரி இறங்கினார். முகம் சிவந்திருந்தது. "இதுங்க நாட்டுக்கு உறுதி சொல்லுதா, உங்களுக்குப் பின்பாட்டுப் பாடுதா?" என்று கேட்டார். இனிமேல் ஒலிப்பதிவில்தான் உறுதிமொழி, சார் மேடை ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பெங்களூரில் வேலை பார்க்கும் அப்பா ஒருவர் அந்த வாரமே ஸ்பீக்கர் வாங்கித் தந்தார். என் வழக்கு பாதி ஜெயித்த மாதிரிதான். ஆனால் ஸ்பீக்கர் வந்த அன்று சார் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. எனக்கும் இறங்கவில்லை. அந்த மனிதரிடம் இருந்ததே அந்த ஒன்றுதான், அதையும் பிடுங்கிவிட்டார்களே என்று மனசு அடித்துக்கொண்டது.

மறுநாள் ஸ்பீக்கர் பேசியது. நல்ல குரல், சுத்தமான உச்சரிப்பு. பிள்ளைகள் ஒரு வரியைத் திருப்பிச் சொல்லிவிட்டு வழக்கம்போல மலையைப் பார்ப்பதற்குள் அது நான்கு வரி ஓடிவிட்டது. டவுன் பஸ் எங்களைத் தாண்டும் முன்னாலேயே உறுதிமொழி முடிந்து ஸ்பீக்கர் அடங்கியும் விட்டது. ஆனால் ஒரு பிள்ளையும் கையை இறக்கவில்லை.

"முடிஞ்சிருச்சு, க்ளாஸுக்குப் போங்க!" என்றார் தலைமை ஆசிரியை அம்மா.

"முடிஞ்சிருச்சு, க்ளாஸுக்குப் போங்க!" என்று திருப்பிச் சொன்னார்களே ஒழிய, நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. முன்வரிசையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றாள். அம்மா வேறு வழியில்லாமல், கடைசி வரிசைக்குப் பின்னால் ஒளியாத குறையாக நின்றிருந்த சாரைப் பார்த்தார்.

"சார், நீங்களே சொல்லித் தொலைங்க!"

"கைய எறக்கலாங்களா?" என்றார் சார், யாருக்கும் கேட்காத குரலில். பள்ளிக்கே கேட்டுவிட்டது. மறுநாளிலிருந்து ஸ்பீக்கர் அலமாரிக்குப் போனது. அதிகாரியைத் தான் பார்த்துக்கொள்வதாக அம்மா சொல்லிவிட்டார்.

போன கோடையில் சார் ஓய்வு பெற்றார். கடைசி நாள் பிரேயரில் ஆச்சரியம், எங்குமே நிற்காமல் உறுதிமொழியை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நின்றால் அழுதுவிடுவோம் என்று பயந்திருக்க வேண்டும். முடித்துவிட்டு மலையைப் பார்த்தார்.

"அப்ப, போய்ட்டு வரேங்க" என்றார்.

"அப்ப, போய்ட்டு வரேங்க" என்றார்கள் அத்தனை பிள்ளைகளும்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கிவிட்டார். கேட்க வேண்டிய அனுமதியைக் கேட்கவில்லை. பள்ளி கையை நீட்டியபடி நின்றது. நீங்களாவது சொல்லுங்கள் என்று அம்மா எனக்குச் சைகை காட்டினார்.

பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி ஒப்பிக்கவைக்கக் கூடாது என்ற என் கட்சியில் இன்றைக்கும் மாற்றமில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் பார்த்தேன். பின்னால் கட்டியிருந்த என் கையும் எப்போதோ முன்னால் நீண்டிருந்தது. சார் வேப்பமரத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தார். கை வலிக்க ஆரம்பித்தது. அவர் தலை மறையும் வரைக்கும் வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.